ஐப்பசி மழைக்கு ஸ்லோ குக்கர் சில்லி: குறிப்பில் எழுதாமல் விட்டவை

நீங்கள் எழுதியதை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டம் பக்கம் உங்கள் வீடு. டெக்ஸாஸில் இருக்கும் அண்ணன் லீவுக்கு வந்தபோது நாலு குவார்ட் ஸ்லோ குக்கர் ஒன்று, அதாவது குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பானை, கொண்டுவந்து தந்திருக்கிறார். ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு சனிக்கிழமை, அமெரிக்கக் குறிப்பு ஒன்றைப் பார்த்து அவர்களுடைய 'சில்லி'யை, அதாவது கறியும் வத்தலும் சேர்த்து நெடுநேரம் வேகவைக்கும் கெட்டிக் குழம்பை, செய்திருக்கிறீர்கள். மூன்று மேசைக்கரண்டி சில்லி பவுடர், கொத்தின மாட்டுக்கறி, தக்காளி, குறிப்பில் சொன்ன இரண்டு டின் பீன்ஸுக்குப் பதிலாக ராத்திரி ஊறவைத்த சிவப்பு ராஜ்மா. 'லோ'வில் எட்டு மணி நேரம். நடுவில் ஒன்றரை மணி நேரம் கரண்ட் போனது. கடைசியில் கிடைத்தது வாயில் வைக்க முடியாத காரமும், நடுவில் கட்டியாக நின்ற பயறும், ரசம் மாதிரித் தண்ணீரும். நாலு வயசுப் பையனுக்குக் காரம் தாங்காது என்று பயறை மட்டும் கழுவி ஊட்டினீர்கள்; அவன் ராத்திரி இரண்டு தடவை வாந்தி எடுத்தான். 'மிளகாய்த்தூளைக் குறைத்தால் சரியாகுமா, ராஜ்மாவுக்குப் பதில் வன்பயறு போடலாமா' என்று கேட்கிறீர்கள்.

கேள்வி மிளகாய்த்தூளைப் பற்றியது போல இருந்தாலும், உள்ளே இருப்பது வேறு. சொன்னது சொன்னபடி செய்தும் ஏன் வரவில்லை என்பதுதான் உங்கள் ஆதங்கம். நீங்கள் சொன்னபடிதான் செய்தீர்கள். ஆனால் அந்தக் குறிப்பை எழுதியவர் சில்லி பவுடர் என்றபோது நினைத்த பொருள் ஒன்று, உங்கள் அலமாரியில் இருந்தது இன்னொன்று. பீன்ஸ், தக்காளி, 'லோ' எல்லாவற்றுக்கும் அதே கதைதான். நான் 17 வருஷம் வளைகுடாவில் எண்ணெய்த் துரப்பண முகாம்களின் மெஸ்ஸில் சமையல்காரனாக இருந்தவன். டெக்ஸாஸ்காரர்கள் நிறையப் பேருக்கு வாரம் ஒருநாள் சில்லி ஆக்கிப் போட்டிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். இப்போது ஊரில், கருங்கல் பக்கம், கல்யாணம் காட்சிக்கு ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் சொல்கிறேன்.

காரத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் ராஜ்மா, ஏனென்றால் அது ருசிப் பிரச்சினை இல்லை. சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்று ஒரு புரதம் இருக்கிறது. பச்சைப் பயறில் அது விஷம். வேகாத நாலைந்து பயறு வயிற்றுக்குள் போனாலே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் தொடங்கும், பின்னால் வயிற்றுப்போக்கும் வரலாம். பெரும்பாலும் மூன்று நாலு மணி நேரத்தில் தானாகவே தணிந்துவிடும். நன்றாகக் கொதித்தால் இந்தப் புரதம் அழிந்துவிடும். ஆனால் கொதிக்காமல் வெறும் சூட்டில் கிடந்தால் அழியாது. 80 டிகிரி செல்சியஸ் அளவில் மட்டும் சூடான பயறு, பச்சைப் பயறைவிட ஐந்து மடங்கு வரை கெடுதல் செய்யக்கூடும் என்றே உணவுப் பாதுகாப்புக் கையேடுகள் எச்சரிக்கின்றன. ஸ்லோ குக்கரில் 'லோ' வைத்தால் பல மணி நேரம் பயறு இருப்பது ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான்.

பையனுக்கு வந்தது இதுதானா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு அடித்துச் சொல்ல என்னால் முடியாது. நான் சமையல்காரன், டாக்டர் இல்லை. காரமும் சின்னப் பிள்ளை வயிற்றைப் புரட்டும். ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: காரத்தைக் கழுவிவிட்டு, நடுவில் கட்டியாக நின்ற பயறை மட்டும் கொடுத்ததாக. சாப்பிட்டது எட்டு மணிக்கு, முதல் வாந்தி பத்தரைக்கு, விடியும்போது பிள்ளை சரியாகிவிட்டான். என் சந்தேகம் மிளகாய் மேல் இல்லை, பயறு மேல்தான். இனி எப்போதாவது இப்படி ஆகி வாந்தி நிற்காவிட்டாலும், பிள்ளை துவண்டாலும், மூத்திரம் போகாவிட்டாலும், 'காரம்தான்' என்று இருந்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன பயறு, எப்படி வேகவைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே செய்த தப்பு. முகாமில் சேர்ந்து இரண்டாவது வருஷம். ராத்திரி ஷிஃப்ட் எனக்கு. டின் பீன்ஸ் தீர்ந்துபோயிருந்தது. ஸ்டோரில் ஒரு சாக்கு ராஜ்மா கிடந்தது. ஊறவைத்து, கறியோடு சேர்த்துப் பெரிய மின்பானையில் குறைந்த சூட்டில் விட்டுவிட்டு, காலையில் எல்லாரும் மெச்சுவார்கள் என்று இருந்தேன். பகல் ஷிஃப்ட்டில் சாப்பிட்டவர்களில் பதினோரு பேர் கழிப்பறை வாசலில் நின்றார்கள். முகாம் டாக்டர் அடுக்களைக்கு வந்து கேட்ட முதல் கேள்வி, கறி எப்போது வாங்கியது என்பதல்ல. 'என்ன பீன்ஸ், கொதித்ததா?' என்பதுதான். அன்றைக்கு என்னை வேலையைவிட்டு அனுப்பாதது என் அதிர்ஷ்டம்.

இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லாத வழி ஒன்று உண்டு. ராஜ்மாவைக் குறைந்தது ஐந்து மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க, ஊறவையுங்கள். ஊறின தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில், திறந்த பாத்திரமானால் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்க வேண்டும். பத்து நிமிஷம் போதும் என்று சில இடங்களில் படிப்பீர்கள். அமெரிக்க உணவு நிர்வாகம் சொல்வது 30 நிமிஷம், நானும் அதையே பிடித்துக்கொள்கிறேன். நம்மிடம் பிரஷர் குக்கர் இருக்கிறது, உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி வரும். நாலைந்து விசில், பிறகு தீயைக் குறைத்துக் கால் மணி நேரம். விரலால் நசுக்கினால் வெண்ணெய் போல மசிய வேண்டும். அதன் பிறகுதான் அது ஸ்லோ குக்கருக்குள் போகலாம். டின் பீன்ஸ் என்பது டின்னுக்குள்ளேயே இப்படி அழுத்தத்தில் வெந்த பயறு. குறிப்பு எழுதியவர் கொதிக்க வை என்று சொல்லாததற்குக் காரணம் அதுதான். நம்மூர்க்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. மரச்சீனிக் கிழங்கை அவித்தால் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோம். ஏன் என்று கேட்டால் பாட்டி 'கட்டு இறங்கணும்' என்பாள். அதிலும் விஷச் சத்து இருக்கிறது, அதிகமும் கசப்பு வகையில். ராஜ்மா நம் பாட்டிகளுக்குத் தெரியாத பயறு, அதனால்தான் அதற்குப் பழக்கம் இல்லாமல் போய்விட்டது.

பயறு கட்டியாக நின்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தக்காளிப் புளிப்பு பயறின் தோலை இறுக்கிப் பிடிக்கும். புளி விட்ட பிறகு பருப்பு வேகாது என்று நாமே சொல்வோமே, அதேதான். பழைய பயறானால் இன்னும் மோசம். ஆக, பயறு முழுக்க வெந்த பிறகே தக்காளியைப் பார்க்க வேண்டும்.

இனி மெஷின். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. நேரே செருகினால் மூன்றரை மடங்குக்கு மேல் பவர் இழுத்துக் கருகிப்போகும். 'கன்வெர்ட்டர்' வழியாகப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கையில் தூக்கினால் செங்கல் மாதிரிக் கனக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரா, பயணத்துக்கு விற்கும் சின்ன டப்பாவா என்று சொல்லவில்லை. சின்ன டப்பாவானால் எட்டு மணி நேர வேலைக்கு அதை நம்பாதீர்கள். குக்கரைக் கவிழ்த்து அடியில் பாருங்கள், எத்தனை வாட் என்று போட்டிருக்கும். இந்த அளவுக்குப் பெரும்பாலும் 200 வாட்டை ஒட்டி இருக்கும். அதைப்போல இரண்டு மடங்காவது தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், நாகர்கோவிலில் எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 200 வாட் எட்டு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட் சொச்சம்தான்.

வோல்டேஜ் குறைவது இதைவிடச் சிக்கல். மழைக்காலச் சாயங்காலம் லைட் மங்கினால் நமக்குப் பழகிவிட்டது. ஆனால் 230க்குப் பதில் 190 வந்தால் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஏனென்றால் பவர் வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். 'லோ' என்று திருகியிருந்தாலும் உள்ளே வெந்நீர்ச் சூடுதான் இருக்கும். உங்கள் வீட்டில் அன்றைக்கு இது நடந்ததா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை இருக்கிறது. குக்கரில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, 'லோ'வில் எட்டு மணி நேரம் மூடியைத் திறக்காமல் விடுங்கள். பிறகு சட்டென்று சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். 85 டிகிரிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த மெஷினில், அந்த இணைப்பில், கறி சமைக்காதீர்கள்.

கரண்ட் போவதைப் பற்றி. காற்றில் ஒரு தென்னைமட்டை கம்பியில் விழுந்தால் நம் பக்கம் முடிந்தது கதை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் நெடுநேரம் கிடந்தால் கிருமி பெருகும். கரண்ட் போகும்போது நீங்கள் வீட்டில் இருந்தால் காத்திருக்க வேண்டாம்; உடனே எல்லாவற்றையும் சட்டிக்கு மாற்றி கேஸில் வைத்து முடித்துவிடுங்கள். பீங்கான் பானையைத் தூக்கி கேஸ் மேல் வைத்துவிடாதீர்கள், வெடித்துவிடும். கறி முழுக்க வெந்த பிறகு கரண்ட் போயிருந்தால், மூடி திறக்காத குக்கரில் இரண்டு மணி நேரம் வரை இருக்கலாம். நீங்கள் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து பார்க்கும்போது மைக்ரோவேவ் கடிகாரம் மின்னிக்கொண்டிருந்தால், எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லை என்று தெரியாது. கறி நல்ல வாசனையாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். ஒரு கிலோ கறியைக் கொட்ட மனசு வராதுதான். அதனால்தான் ஐப்பசியில் நான் இதைக் காலையில் வைத்துவிட்டு வெளியே போவதில்லை. வீட்டில் ஆள் இருக்கிற நாளில் மட்டும்தான்.

இப்போது காரத்துக்கு வருவோம். அமெரிக்கக் கடையில் 'சில்லி பவுடர்' என்று விற்பது நம் மிளகாய்த்தூள் இல்லை. ஆஞ்சோ போன்ற காரம் குறைந்த பெரிய வத்தல், நல்ல சீரகம், ஒரிகானோ, பூண்டுத்தூள், சிலதில் உப்பும் சேர்ந்த கலவை அது. நம் சாம்பார்ப்பொடி மாதிரி ஒரு மசாலாப்பொடி. டெக்ஸாஸில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மன்காரர் 1890களில் அதைப் பொடியாக்கி விற்கத் தொடங்கினார். அதன் பிறகுதான் வீடு வீடாகப் போனது. அதில் மூன்று மேசைக்கரண்டி என்பது மிதமான காரம். நம் மிளகாய்த்தூளில் மூன்று மேசைக்கரண்டி என்றால் ஆளைக் கிடத்திவிடும். சரி, அரைக் கரண்டியாகக் குறைத்தால்? காரம் அடங்கும், ஆனால் குழம்பு வெளிறிப்போகும். ஏனென்றால் அந்த மூன்று கரண்டி நிறத்துக்கும் கெட்டிக்கும் சேர்த்துத்தான். அதனால் அளவைக் குறைப்பது பதில் இல்லை, வத்தலை மாற்றுவதுதான் பதில். காஷ்மீரி அல்லது பேடகி வத்தல் வாங்குங்கள். நிறம் நிறைய, காரம் குறைவு. ஆஞ்சோவில் இருக்கும் உலர்ந்த திராட்சை வாசனை அதில் வராது. அந்தக் குறையை ஒரு நெல்லிக்காய் அளவு கருப்பட்டி பாதி ஈடுகட்டும். கருப்பட்டிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா?

ஒரிகானோவுக்கு பீட்ஸாக் கடைப் பொட்டலம் போதும். இல்லாவிட்டால் கொல்லையில் நிற்கும் ஓமவல்லி இலை இரண்டைக் கிள்ளிப் போடுங்கள். ஆங்கிலத்தில் அதற்குக் கியூபா ஒரிகானோ என்றே பெயர். இரண்டிலும் வாசனை தருகிற எண்ணெய் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு இலைக்கு மேல் போனால் சில்லி கஷாயமாகிவிடும். சீரகம் என்று சொன்னால் நல்ல சீரகம், பெருஞ்சீரகம் போட்டுவிடாதீர்கள். கரம் மசாலா, பட்டை, கிராம்பு இதெல்லாம் டெக்ஸாஸ் சில்லியில் கிடையாது. சின்சினாட்டி என்ற ஊரில் மாசிடோனியாவிலிருந்து போனவர்கள் 1920களில் பட்டை சேர்த்து ஒரு சில்லி செய்து ஸ்பகெட்டி மேல் ஊற்றிக் கொடுத்தார்கள்; இன்றும் அது அங்கே பிரபலம். அதைப் பற்றி ஒரு டெக்ஸாஸ்காரரிடம் பேச்செடுத்துப் பாருங்கள், முகம் போகிற போக்கைப் பார்க்கலாம்.

பீன்ஸைப் பற்றியும் அப்படித்தான். டெக்ஸாஸில் சில்லி என்றால் கறியும் வத்தலும் மட்டும். பயறு போட்டால் அது வேறு ஏதோ. சான் அந்தோனியோ நகரச் சதுக்கங்களில் 1880களிலிருந்து பெண்கள் ராத்திரி விளக்கு வைத்து இதை விற்றார்கள். 'சில்லி ராணிகள்' என்று பெயர். 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியில் கடை போட்ட பிறகு நாடெங்கும் தெரிந்தது. 1930களில் சுகாதார விதிகளைக் காட்டி அந்தத் தெருக்கடைகளை எடுத்துவிட்டார்கள். பிறகு 1977இல் அதையே மாநில உணவாக அறிவித்தார்கள். விற்றவர்களைத் துரத்திவிட்டுப் பண்டத்துக்குப் பட்டம் கட்டுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஸ்லோ குக்கரின் கதை வேறு. இர்விங் நாக்ஸன் என்பவர், லிதுவேனியாவில் தன் குடும்பத்தார் யூத ஓய்வுநாளுக்கு முந்தின சாயங்காலமே அடுப்பில் விட்டுவைக்கும் பயறும் கறியும் சேர்ந்த குழம்பை நினைத்துச் செய்த பானை அது. 1940இல் காப்புரிமை வாங்கினார், 1971இல் 'கிராக்-பாட்' என்ற பெயரில் அது பெரிய வியாபாரமானது. பயறு வேகவைக்கப் பிறந்த பானையில் பயறுதான் ஆபத்து என்பது வேடிக்கை.

கறியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தண்ணீராகப் போனதற்கு அதுவும் காரணம். கொத்தின கறிக்கு எட்டு மணி நேரம் வேண்டாம், அது மணலாகிவிடும். கடைக்காரரிடம் கால் தசை அல்லது சப்பைக் கறி கேளுங்கள், நார் ஓடியிருக்க வேண்டும். அரை அங்குலத் துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். அந்த நார் 70 டிகிரிக்கு மேல் மெதுவாக இளகி, பல மணி நேரத்தில் பசையாக மாறிக் குழம்பைப் பிடித்துக்கொள்ளும். நம்மூரில் கிடைக்கும் மாடு பெரும்பாலும் முற்றினது. அதற்கு இந்த மெஷின் பொருத்தம் என்பதுதான் ஸ்லோ குக்கருக்கு நான் தரும் ஒரே நற்சான்று. மாட்டுக்கறி புழங்காத வீடானால் ஆட்டுத் தொடைக்கறி. ஆறு மணி நேரம் போதும். இன்னொன்று, ஸ்லோ குக்கரில் ஆவி வெளியே போகாது. மூடியில் பட்டு வேர்த்து உள்ளேயே விழும். அடுப்புச் சமையலுக்கு ஊற்றும் தண்ணீரை இதில் ஊற்றினால் ரசம்தான். நம் நாட்டுத் தக்காளியிலும் தண்ணீரும் புளிப்பும் கூடுதல். அவர்கள் டின் தக்காளி சதைப்பற்றுள்ளது, ஏற்கெனவே வற்றினது.

நான் உங்கள் நாலு குவார்ட் பானைக்கு, அதாவது 3.8 லிட்டருக்கு, செய்கிற முறையைச் சொல்கிறேன். முந்தின ராத்திரி கால் கிலோ ராஜ்மா ஊறட்டும். காலையில் மேலே சொன்னபடி குக்கரில் வைத்து மசிய எடுத்துத் தனியே வையுங்கள். காஷ்மீரி வத்தல் பதினைந்தும் நம் சாதா வத்தல் இரண்டும் விதை தட்டி, வெறும் சட்டியில் வாசனை வரும்வரை மட்டும் வாட்டுங்கள். கறுத்தால் முழுக் குழம்பும் கசக்கும். வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, பூண்டு பத்துப் பல், வறுத்த நல்ல சீரகம் ஒன்றரை மேசைக்கரண்டி சேர்த்து விழுதாக அரையுங்கள். தக்காளி 600 கிராமை நறுக்கி, தனிச் சட்டியில் பாதியாக வற்றவையுங்கள். ஒரு கிலோ கறியை ஈரம் துடைத்து, இரும்புச் சட்டியில் எண்ணெய் காயவைத்து, மூன்று நாலு தவணையாக நன்றாகச் சிவக்க வறுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் தண்ணீர் விட்டு வேகுமே தவிரச் சிவக்காது. ஸ்லோ குக்கர் 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் அந்தச் சிவப்பும் வாசனையும் அதற்குள் ஒருநாளும் வராது. இந்த ஒரு வேலையைச் சோம்பினால் மீதியெல்லாம் வீண்.

அதே சட்டியில் மூன்று பல்லாரியைப் பொடியாக அரிந்து வதக்குங்கள். வத்தல் விழுதைப் போட்டு எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். வற்றின தக்காளி, கறி, உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர், ஓமவல்லி. கொதி வந்ததும் நிறுத்திவிடாமல் ஐந்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். பீங்கான் பானையை வெந்நீரால் ஒருமுறை அலசிவிட்டு, கொதிக்கும் குழம்பை மாற்றுங்கள். பானை பாதிக்கு மேலும் முக்காலுக்குக் கீழும் நிறைய வேண்டும். 'ஹை'யில் ஒரு மணி நேரம், பிறகு 'லோ'வில் ஆறு ஏழு மணி நேரம். இப்படிச் சூடாக உள்ளே போவதால் வோல்டேஜ் குறைந்தாலும் தொடக்கத்திலேயே சூடு நிற்கும். மூடியைத் திறந்து எட்டிப்பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை திறப்பதும் இருபது முப்பது நிமிஷத்தைத் தின்னும். கடைசி ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது வெந்த ராஜ்மாவும் கருப்பட்டியும் போய்ச் சேரட்டும். ஒரு கைப்பிடிப் பயறை மசித்துப் போட்டால் குழம்பு கெட்டிப்படும். இன்னும் கெட்டி வேண்டுமென்றால் மக்காச்சோள மாவு ஒரு மேசைக்கரண்டியை வறுத்துக் கரைத்து விடுங்கள். மஞ்சளாக இருக்கும் சோள மாவைச் சொல்கிறேன். கடையில் 'கார்ன்ஃப்ளார்' என்று தரும் வெள்ளை மாவு பசை மாதிரி ஆக்கிவிடும். தண்ணீர் இன்னும் நின்றால் மூடியை எடுத்துவிட்டு 'ஹை'யில் அரை மணி நேரம். இறக்கும்போது கொஞ்சம் வறுத்த சீரகப்பொடி. நெடுநேரம் வெந்ததில் முதலில் போட்ட சீரக வாசனை போயிருக்கும். எலுமிச்சம்பழம் கால் மூடி.

தேங்காயை வறுத்து அரைத்துச் சேர்க்கலாமா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் அதன் பெயர் தீயல். நல்ல தீயல். சில்லி இல்லை. எட்டு மணி நேரச் சூட்டில் தேங்காய் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், மறுநாளைக்குச் சீக்கிரம் சிக்கும் விழும்.

மீந்தால் பானையிலேயே ராத்திரி முழுக்க விட்டுவிடாதீர்கள். அகலமான இரண்டு பாத்திரத்தில் பிரித்து ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கேஸில் கொதிக்கவைத்துச் சாப்பிட வேண்டும். ஸ்லோ குக்கரில் சூடாக்கக் கூடாது. அது அவ்வளவு மெதுவாகச் சூடேறும். அமெரிக்கர்கள் சோள ரொட்டியோடு சாப்பிடுவார்கள். நான் அவித்து உடைத்த மரச்சீனிக் கிழங்கைத்தான் சொல்வேன். மழை ஓட்டின் மேல் சடசடவென்று விழும்போது கிழங்கு மேல் இதை ஊற்றி, ஒரு துண்டு பச்சைப் பல்லாரியைக் கடித்துக்கொண்டால் டெக்ஸாஸ்காரரே வாயடைத்துப்போவார்.

மிச்சம் இருப்பது வன்பயறு. தாராளமாகப் போடுங்கள், பிள்ளை இருக்கிற வீட்டில் நான் அதையே சிபாரிசு செய்வேன். ராஜ்மா அளவுக்கு அந்த நச்சுப் புரதம் அதில் கிடையாது, நம் வயிற்றுக்கும் பழகின பயறு. அதற்காகப் பச்சையாகப் போட்டுவிட வேண்டாம். அதையும் ஊறவைத்து, மூன்று விசில் வைத்துவிட்டே சேர்க்க வேண்டும். ராஜ்மாவைவிடச் சீக்கிரம் குழைந்துவிடும், அதனால் கடைசி முக்கால் மணி நேரத்தில் போட்டால் போதும். போன வாரம் மழையில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தபோது வன்பயறு போட்டுத்தான் செய்தேன். வீட்டுக்காரி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: 'நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் தேங்கா வறுத்து அரைச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.'